கார்டு வாங்கும் முன் கேபினெட்டைத் திருப்பிப் பாருங்கள்

புதுக்கோட்டை கீழராஜ வீதி ஆகட்டும், அறந்தாங்கி, ஆலங்குடி, பொன்னமராவதி கடைவீதிகள் ஆகட்டும், டிடிபி மையங்களிலும் போட்டோ ஸ்டூடியோக்களிலும் பத்திர எழுத்தர் அலுவலகங்களிலும் மேசைக் கணினிக்கு இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை. பத்தாண்டுக்கு முந்தைய இன்டெல் சிப்பும், இடையில் மாட்டிய எஸ்எஸ்டியும், தூசி படிந்த கேபினெட்டுமாக அவை நாள் முழுக்க ஓடுகின்றன. பழைய மானிட்டர் பழுதாகும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. புதிதாக வருவது 27 அங்குலம். தெளிவு 2560×1440 அல்லது 4கே. மாட்டிப் பார்த்தால் எழுத்து பிசுபிசுவென்று இருக்கிறது, அல்லது மவுஸ் சொன்ன இடத்துக்கு ஒரு கணம் தாமதித்துப் போகிறது. விசாரித்தால் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். ‘நல்ல கிராபிக்ஸ் கார்டா ஒண்ணு போடுங்க’ என்பது ஒன்று. ‘சிபியுவையே மாத்திடுங்க’ என்பது மற்றொன்று. இரண்டுமே பெரும்பாலோருக்கு வேண்டாத செலவு. உயர்தெளிவு மானிட்டர் நல்ல முதலீடு. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், அதற்காகப் பழைய கணினியில் செய்ய வேண்டியது வலுவான கார்டைத் திணிப்பதல்ல, சரியான போர்டை, அதாவது மானிட்டர் வயரைச் செருகும் வாயிலை, ஏற்படுத்திக் கொடுப்பது. சில கணினிகளுக்குக் கார்டே வேண்டாம். பலவற்றுக்கு மின்விசிறிகூட இல்லாத சின்ன கார்டு போதும். அதையும் மிஞ்சிய வேலை இருந்தால், பழைய கணினிக்குப் பெரிய கார்டு வாங்குவது பணத்தைத் தவறான இடத்தில் போடுவது.

முதலில் மானிட்டரின் பக்கம். வழக்கமான முழு எச்டி திரையில் 20,73,600 புள்ளிகள். 2560×1440 திரையில் 36,86,400. 4கே திரையில் 82,94,400. அதாவது முழு எச்டியைப் போலச் சரியாக நான்கு மடங்கு. இது விளம்பரக் கணக்கு அல்ல, அன்றாட வேலையில் தெரியும் கணக்கு. கல்யாண ஆல்பத்தின் 12க்கு 36 அங்குலத் தாளை 300 டிபிஐ-யில் வடிவமைத்தால் 10,800×3,600, ஏறத்தாழ 3.9 கோடி புள்ளிகள். அதை உண்மை அளவில் திறந்தால் முழு எச்டி திரையில் இருபதில் ஒரு பங்குதான் கண்ணில் படும். 4கே திரையில் ஐந்தில் ஒரு பங்கு. மணப்பெண்ணின் கண்ணிமையில் உள்ள சின்னக் குறையைச் சரிசெய்துவிட்டு, அது முகத்தோடு பொருந்துகிறதா என்று பார்க்க ஒவ்வொரு முறையும் பெரிதாக்கிச் சுருக்கும் வேலை பெருமளவு மிச்சம். பத்திரம் எழுதுபவருக்கு வேறு பயன்: வில்லங்கச் சான்று, பட்டா, புல வரைபடம் மூன்றையும் பக்கம் பக்கமாக விரித்துவைத்து, சர்வே எண்ணையும் உட்பிரிவையும் ஒரே பார்வையில் ஒப்பிடலாம். ஏ4 தாளை 300 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தால் உயரம் 3,508 புள்ளிகள். செங்குத்தாகத் திருப்பி நிறுத்திய 4கே திரையில் ஏறக்குறைய முழுப்பக்கமும் நிற்கும். இதே மாவட்டத்துச் சித்தன்னவாசல் குகையின் ஒன்பதாம் நூற்றாண்டுத் தாமரைக்குள ஓவியத்தைச் சாதாரண 24 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த படமாக வைத்துக்கொள்வோம். முழு எச்டியில் அதன் பன்னிரண்டில் ஒரு பங்கும் 4கேயில் மூன்றில் ஒரு பங்கும் தெரியும். நிறம் மங்கிப்போன சுவரில் மீன் எது, இலை எது, பூப்பறிக்கும் கை எது என்று பிரித்தறிய விரும்புகிறவருக்கு இந்த வேறுபாடு சிறியதல்ல.

சரி, பழைய கணினி ஏன் முரண்டு பிடிக்கிறது? கணினிக்கு வேகம் போதவில்லை என்றுதான் உடனே தோன்றும். உண்மையில் அடைப்பு வேறிடத்தில். 82,94,400 புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் 24 பிட், நொடிக்கு 60 முறை: பெருக்கினால் நொடிக்குச் சுமார் 1,194 கோடி பிட். 2009-இல் வந்த எச்டிஎம்ஐ 1.4 தரம் படத்துக்கென்று கொண்டுசெல்லக்கூடியது 816 கோடி பிட்தான். போர்வெல்லில் எத்தனை குதிரைத்திறன் மோட்டார் இறக்கினாலும் அரை அங்குலக் குழாய் கொடுப்பதைத்தான் கொடுக்கும். ஆகவே கணினி தானாகவே நொடிக்கு 30 படங்களுக்கு இறங்கிவிடுகிறது. மவுஸ் இழுபடுவது அதனால்தான். 2013-இல் வந்த எச்டிஎம்ஐ 2.0-இல் இந்தச் சிக்கல் இல்லை. 2010-இல் அறிவிக்கப்பட்ட டிஸ்ப்ளே போர்ட் 1.2-இலும் இல்லை. பழைய விஜிஏ 1987-ஆம் ஆண்டுத் தரம், அனலாக். அதன் வழியே பெரிய திரைக்குப் போகும் எழுத்து பிசுபிசுப்பதில் வியப்பில்லை. ஒற்றை இணைப்பு டிவிஐ 1920×1200-உடன் நின்றுவிடும். பலருக்கும் தெரியாத செய்தி ஒன்று உண்டு. இன்டெல் மேசைக் கணினிச் சிப்களில், 2020-இல் வந்த பத்தாம் தலைமுறை வரை, உள்ளமைந்த கிராபிக்ஸ் நேரடியாகத் தருவது எச்டிஎம்ஐ 1.4 தான். மதர்போர்டில் தனியாக ஒரு மாற்றுச் சிப் வைத்திருந்தால் ஒழிய, அவற்றிலும் எச்டிஎம்ஐ வழியே 4கே 30 ஹெர்ட்ஸை (நொடிக்கு 30 படங்களை) தாண்டாது. ஆக, ‘கணினி பழசு, அதனால் இழுக்கிறது’ என்ற விளக்கம் பாதிதான் சரி. ஐந்து, ஆறு ஆண்டுக் கணினியும் இதே போர்டில் இழுக்கும். டிஸ்ப்ளே போர்டில் மாட்டினால் பத்தாண்டுக் கணினியும் இழுக்காமல் ஓடும்.

இதிலிருந்தே முதல் முடிவு வந்துவிடுகிறது: கார்டே தேவைப்படாத கணினிகள் ஏராளம். பெருநகர அலுவலகங்களில் தவணைக்காலம் முடிந்து, சென்னை ரிச்சி தெரு வழியாகவும் திருச்சி வழியாகவும் நம் ஊர்களுக்கு வந்துசேரும் டெல், எச்பி, லெனோவோ பெட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். 2013-இல் வந்த டெல் ஆப்டிப்ளெக்ஸ் 9020-இன் பின்பக்கத்தில் விஜிஏவோடு இரண்டு டிஸ்ப்ளே போர்டுகள் இருக்கின்றன. அதில் உள்ள நான்காம் தலைமுறை ஐ5 சிப்பின் எச்டி 4600 கிராபிக்ஸ், டிஸ்ப்ளே போர்ட் வழியே 3840×2160-ஐ 60 ஹெர்ட்ஸில் தர வல்லது. வாங்கியவருக்கு அது தெரியாது. பழக்கப்பட்ட நீல நிற விஜிஏ வயரை அப்படியே புது மானிட்டரில் செருகுகிறார், படம் சரியில்லை என்கிறார், கார்டு வாங்கக் கிளம்புகிறார். இவருக்கு வேண்டியது ஒரு டிஸ்ப்ளே போர்ட் வயர் மட்டுமே. இங்கேயும் ஒரு கண்ணி உண்டு: டிஸ்ப்ளே போர்டிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் மலிவான இணைப்பான்கள் பெரும்பாலும் எச்டிஎம்ஐ 1.4 அளவிலேயே நிற்பவை. மானிட்டரில் டிஸ்ப்ளே போர்ட் இருந்தால் இரு முனையிலும் அதையே பயன்படுத்துவது நல்லது; இல்லாவிட்டால் 4கே 60 ஹெர்ட்ஸ் என்று குறிப்பிட்ட ‘ஆக்டிவ்’ இணைப்பானைக் கேட்க வேண்டும். உள்ளூரில் அசெம்பிள் செய்த கணினிகளின் நிலைமை வேறு. எச்81 போன்ற மலிவு மதர்போர்டுகள் பலவற்றில் விஜிஏவோடு ஒரு டிவிஐ அல்லது ஒரு எச்டிஎம்ஐ மட்டுமே இருக்கும். கார்டுக்கான நியாயமான தேவை அங்கேதான் எழுகிறது.

தேவை என்று முடிவாகிவிட்டால் அடுத்த குழப்பம் நினைவகம். கடையில் கார்டுக்கு விலை சொல்லப்படுவதே ‘2 ஜிபி, 4 ஜிபி’ என்ற எண்ணை வைத்துத்தான். 4கே திரையின் முழுப் படம் ஒன்று நினைவகத்தில் பிடிக்கும் இடம் சுமார் 33 எம்பி. வெறுமனே திரையைக் காட்டுவதற்கு 2 ஜிபி தாராளம். ஆனால் 4 ஜிபி என்று எழுதிய என்விடியாவின் ஜிடி 730 கார்டு, 2014-இல் வந்தது, எச்டிஎம்ஐ 1.4 கொண்டது, 4கே திரையை 30 ஹெர்ட்ஸில்தான் காட்டும். 2016-இல் வந்த ஜிடி 710-க்கும் அதே கதி. 2 ஜிபி என்று எழுதிய ஜிடி 1030, 2017-இல் வந்தது, எச்டிஎம்ஐ 2.0 கொண்டது; அதே திரையை 60 ஹெர்ட்ஸில் காட்டும். பெட்டியில் பெரிய எண் போட்டிருப்பது தோற்கிறது, சிறிய எண் வெல்கிறது. அந்த ஜிடி 1030-இலேயே ஒரே பெயரில் இரண்டு சரக்கு உண்டு. 2018-இல் வந்த டிடிஆர்4 வகையின் நினைவக வேகம், முதலில் வந்த ஜிடிடிஆர்5 வகையின் வேகத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. கேட்டு வாங்காவிட்டால் எது கையில் வரும் என்று சொல்ல முடியாது. ஆயுளையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஜிடி 1030 சேர்ந்த பாஸ்கல் தலைமுறைக்கு வழக்கமான டிரைவர்களை 2025 அக்டோபரோடு நிறுத்தி, பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் 2028 அக்டோபர் வரை தருவதாக என்விடியா அறிவித்தது. எனவே இந்தக் கார்டு இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கான ஏற்பாடு என்ற தெளிவோடு, அதற்கேற்ற விலையில் மட்டுமே வாங்க வேண்டிய பொருள்.

இந்த இடத்தில் டிடிபி தொழிலுக்கே உரிய ஒரு மறுப்பு வரும். எனக்குத் தெரிந்து இதுதான் எல்லாவற்றிலும் வலுவான மறுப்பு. ‘4கே மானிட்டரில் பேஜ்மேக்கரைத் திறந்தால் மெனு எறும்பு மாதிரி தெரிகிறது, வாங்கியதே வீண்.’ உண்மைதான். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 7.0, 2001-இல் வந்தது. பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து சேர்த்துவைத்த ஆயிரக்கணக்கான கோப்புகள் இருப்பதால் தமிழ் டிடிபி மையங்கள் பல அதை இன்னும் கைவிடவில்லை. உயர்தெளிவுத் திரை என்ற ஒன்றே இல்லாத காலத்தில் எழுதிய மென்பொருள் அது. விண்டோஸ் 150 சதவீதத்துக்குப் பெரிதாக்கினால் எழுத்து மங்கும்; பெரிதாக்காவிட்டால் பொத்தான்கள் கண்ணுக்குத் தெரியாது. இதற்கு விடை பழைய முழு எச்டிக்கே திரும்புவது அல்ல. 27 அங்குல 2560×1440 மானிட்டர். அதில் அங்குலத்துக்கு 109 புள்ளிகள். 24 அங்குல முழு எச்டி திரையில் 92. அருகருகே உள்ள இந்த அளவில் எதையும் பெரிதாக்காமல் பழைய மென்பொருளை வைத்தே வேலை செய்யலாம். அதே நேரத்தில் முழு எச்டியைவிட ஏறக்குறைய 78 சதவீதம் கூடுதல் இடம் கிடைக்கும். 27 அங்குல 4கேயில் அங்குலத்துக்கு 163 புள்ளிகள். புதிய மென்பொருள், வலை உலாவி, பிடிஎஃப், போட்டோஷாப் ஆகியவற்றில்தான் அதன் அழகு தெரியும். தமிழ் எழுத்தின் சுழியும் புள்ளியும் அச்சில் இருப்பது போலவே நிற்கும். வயதான கண்ணுக்கு 4கே எழுத்து சிறிதாகிவிடும் என்பதும் முழு உண்மையல்ல. 150 சதவீத அளவில் வைத்தால் எழுத்தின் அளவு 2560×1440 திரையில் இருப்பதேதான். கூர்மை மட்டும் கூடுகிறது. ஆனாலும் பேஜ்மேக்கரை நம்பிப் பிழைக்கும் கடைக்கு 4கே வேண்டாம் என்பதுதான் என் தீர்ப்பு. 2560×1440, 60 ஹெர்ட்ஸ் என்பது எச்டிஎம்ஐ 1.4-க்குள்ளேயே அடங்கிவிடும் என்பது இவர்களுக்குக் கூடுதல் லாபம். மதர்போர்டு எச்டிஎம்ஐயை 1920×1200-ஓடு கட்டிப்போட்டிருந்தால் மட்டுமே கார்டைப் பற்றி யோசிக்க வேண்டும்.

போட்டோஷாப்பை நம்பிப் பிழைக்கும் ஸ்டூடியோவுக்கு ஜிடி 1030-ஐ நான் பரிந்துரைக்க மாட்டேன். 4கே திரைக்கு 4 ஜிபி கார்டு நினைவகம் வேண்டும் என்று அடோபி நிறுவனமே பரிந்துரைக்கிறது. இங்கே நினைவக எண்ணுக்குப் பொருள் உண்டு, ஏனென்றால் படத்தைக் காட்டுவதோடு நில்லாமல் அதன்மேல் வேலையும் கார்டில் நடக்கிறது. இந்தத் தேவைக்குப் பொருத்தமான கார்டுகளுக்கு ஒரு பொதுக்குணம் உண்டு: மதர்போர்டின் ஸ்லாட் தரும் 75 வாட்டுக்குள்ளேயே ஓடுபவை. 2019-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650-இன் அடிப்படை வடிவம் 75 வாட். 2024-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி வடிவம் 70 வாட். கணினிக்கு மின்சாரம் தரும், பத்தாண்டு ஓடிய எஸ்எம்பிஎஸ்ஸின் ஸ்டிக்கரில் 450 வாட் என்று அச்சிட்டிருப்பதை நம்பி எட்டு ஊசி இணைப்பு கேட்கும் கார்டை மாட்டுவது, மின்சாரம் ஏறி இறங்கும் ஊர்களில் மதர்போர்டையும் சேர்த்துப் பணயம் வைப்பது. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400, 53 வாட் தான் என்பதால் கவர்ச்சியாகத் தோன்றும்; ஆனால் அது நான்கு பிசிஐ பாதைகளை மட்டுமே பயன்படுத்துகிறது. புதிய மதர்போர்டில் அது குறையல்ல. எச்81 மதர்போர்டின் ஸ்லாட்டோ பிசிஐ இரண்டாம் தலைமுறையைச் சேர்ந்தது; அங்கே அந்தக் கார்டுக்குக் கிடைக்கும் பாதை அகலம் கால் பங்குதான். போதாததற்கு வீடியோவைச் சுருக்கி எழுதும் வசதியும் அதில் இல்லை. இன்டெல்லின் ஆர்க் கார்டுகள் ‘ரீசைசபிள் பார்’ என்ற வசதி இல்லாத பழைய மதர்போர்டுகளில் சோர்ந்துபோகும். ஒல்லியான ஆப்டிப்ளெக்ஸ் பெட்டிக்கு அரை உயரக் கார்டுதான் நுழையும். பழைய பயாஸ் கொண்ட மதர்போர்டில் புதிய கார்டு மாட்டினால் திரை கருப்பாகவே நின்றுவிடுவதும் உண்டு. ஆகவே கேபினெட்டையே கடைக்குத் தூக்கிப்போய் மாட்டி, படம் வந்த பிறகு பணம் கொடுப்பது ஒன்றே பாதுகாப்பு. இணையத்தில் சலுகை விலையில் வாங்கினால் இந்த வசதி கிடைக்காது. உள்ளூர்க் கடைக்காரருக்கு நாம் கொடுக்கும் கூடுதல் சில நூறு ரூபாய்க்கு இதுதான் நியாயம்.

வீடியோ எடிட்டிங் செய்பவர்களுக்கு என் விடை வேறு. தமிழகத்தில் ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு வழக்கமாக நடக்கும் தச்சங்குறிச்சி இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. வாடிவாசலை விட்டுக் காளை பாயும் சில நொடிகளை 4கேயில் நொடிக்கு 60 படங்களாக எடுத்து, அன்று மாலையே வெளியிட வேண்டிய போட்டி இங்குள்ள வீடியோக்காரர்களுக்கு. எச்.265 வடிவக் கோப்புகளை நான்காம் தலைமுறைச் சிப் தானே பிரித்துக் காட்டத் திணறும். கார்டு மாட்டினால் ஓரளவு சரியாகும் என்பது உண்மை. ஆனால், கேமராக்கள் தரும் 10 பிட் 4:2:2 வகை எச்.265 கோப்புகளை மேலே சொன்ன என்விடியா, ஏஎம்டி சின்ன கார்டுகள் எதுவும் வன்பொருளால் பிரிப்பதில்லை. 2021-க்குப் பிந்தைய இன்டெல் சிப்பின் உள்ளமைந்த கிராபிக்ஸே அதைச் செய்துவிடும். அதற்கும் மேல், பழைய மதர்போர்டின் நினைவக அளவும் வேகமும் இவர்களைக் கட்டிப்போடும். இவர்கள் பழைய பெட்டிக்குப் பெரிய கார்டு வாங்கக் கூடாது, பெட்டியையே மாற்ற வேண்டும். பெரிய கார்டை ஆதரித்து வாதிடுபவர்கள் சுட்டிக்காட்டும் தேவை உண்மையானது. அதற்கு அவர்கள் காட்டும் தீர்வுதான் தவறு. கணினி விளையாட்டுக்காரர்களுக்கும் கிட்டத்தட்ட இதேதான்.

அடுத்த மறுப்பு விண்டோஸ். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஓட 2017-இல் வந்த எட்டாம் தலைமுறை இன்டெல் சிப்பும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். ஆதரவு போன கணினிக்கு ஏன் ஒரு ரூபாய் செலவு செய்ய வேண்டும் என்ற கேள்வியை எளிதில் ஒதுக்க முடியாது. மக்களின் ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கையும் கையாளும் இ-சேவை மையம் போன்ற இடங்களில், பாதுகாப்புத் திருத்தம் வராத விண்டோஸை வைத்திருப்பது பொறுப்பற்ற செயல். அவர்கள் கார்டைப் பற்றிப் பேசவே கூடாது. முதலில் கணினியை மாற்ற வேண்டும். தனிநபர்களுக்கு விரிவாக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டம் 2026 அக்டோபர் 13 வரைதான். ஆனால் டிடிபி மையத்தின் பேஜ்மேக்கர் கணினிக்கு இணையம் தேவையே இல்லை. கோப்பைப் பென் டிரைவில் கொண்டுபோகும் பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. எழுதவும் படிக்கவும் இணையம் பார்க்கவும் மட்டும் பயன்படும் கணினிகளில் லினக்ஸ் நன்றாகவே ஓடுகிறது. தமிழ்99 விசைப்பலகையும் யூனிகோட் எழுத்தும் அதில் சிக்கலின்றி வேலை செய்கின்றன. கார்டு வாங்குபவர் ஒன்றை மட்டும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும்: பழைய என்விடியா கார்டுகளுக்கு ஆதரவு ஒருநாள் நின்றுபோகும். ஜிடி 730-இன் கெப்லர் வகைக்கு வழக்கமான டிரைவர்கள் 2021-இலேயே நின்று, பாதுகாப்புத் திருத்தங்களும் 2024-உடன் முடிந்துவிட்டன. அந்தக் கார்டு இன்னும் புதிய பெட்டியில் விற்பனைக்கு வருவதைக் கண்டிக்காமல் இருக்க முடியவில்லை.

‘இத்தனை யோசனை எதற்கு, புதுக் கணினியே வாங்கிவிடலாமே’ என்பார்கள் சிலர். சில ஆண்டுகளுக்கு முன் இந்த வாதத்துக்கு இன்னும் வலு இருந்தது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சிப்களை அள்ளிக்கொண்டு போனதில் 2025-இன் இறுதியில் ரேம் விலை தாறுமாறாக ஏறியது. அந்த ஆண்டு டிசம்பரில் மைக்ரான் நிறுவனம் ‘குருஷியல்’ என்ற பெயரில் சாதாரண வாடிக்கையாளருக்கு விற்றுவந்த நினைவகத் தொழிலையே கைவிடுவதாக அறிவித்தது. பழைய கணினியில் ஏற்கெனவே இருக்கும் 8 ஜிபி, 16 ஜிபி ரேம் திடீரென மதிப்புள்ள சொத்தாகிவிட்டது. இன்னொரு பக்கம், பெரிய கார்டு மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய சந்தையில் தேடுபவர்களும் உண்டு. 2022 செப்டம்பரில் எதீரியம் நாணயம் கார்டு வைத்துச் சுரங்கம் தோண்டும் முறையை விட்டதும், இரவும் பகலும் ஓடிக் களைத்த கார்டுகள் சந்தையில் கொட்டின. அவற்றில் பல 150 வாட்டுக்கு மேல் கேட்பவை. மலிவு கார்டுக்காகப் புது எஸ்எம்பிஎஸ், அதற்காகப் பெரிய யுபிஎஸ் என்று செலவு சங்கிலியாக நீளும். வரி குறைந்ததால் மானிட்டர் விலை இறங்கியது என்ற பேச்சையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக ஜிஎஸ்டி குறைந்தது 32 அங்குலத்துக்கு மேற்பட்ட மானிட்டர்களுக்குத்தான். 27 அங்குலத்துக்கு 2019 ஜனவரி முதலே 18 சதவீதம். அந்தப் பெயரைச் சொல்லி யாராவது சலுகை காட்டினால் அது வேறு கணக்கு.

மானிட்டரை முதலீடு என்று நான் சொல்வதற்குக் காரணம், கணினி போனாலும் அது நிற்கும் என்பதுதான். இன்று பழைய பெட்டியில் மாட்டும் 4கே மானிட்டர், மூன்றாண்டு கழித்துப் புதுப் பெட்டியிலும் மாட்டப்படும். இன்று வாங்கும் பெரிய கார்டு அப்படியல்ல. புதுப் பெட்டியின் உள்ளமைந்த கிராபிக்ஸே அதற்குள் அந்த வேலையைச் செய்துவிடும். ஆக, கையில் இருக்கும் பணத்தில் பெரும்பங்கு மானிட்டருக்கும் சிறுபங்கு கார்டுக்கும் போவதே அறிவு. பொது நிறுவனங்களுக்கும் இதே கணக்கு பொருந்தும். திருக்கோகர்ணத்தில் 1910 முதல் இயங்கும் அரசு அருங்காட்சியகம், அரிய நூல்களைச் சேர்த்து வைத்திருக்கும் ஞானாலயா ஆய்வு நூலகம் போன்ற இடங்களில் படத்தையும் பக்கத்தையும் உற்றுப் பார்க்க வேண்டிய வேலைகள் நிறைய. அத்தகைய இடங்களுக்கு நன்கொடை தர விரும்புபவர்கள் புதுக் கணினி என்றுதான் முதலில் நினைக்கிறார்கள். இருக்கும் கணினியின் போர்டைப் பார்த்து, நல்ல மானிட்டர் ஒன்றும் தேவையானால் சின்ன கார்டு ஒன்றும் கொடுத்தால், அதே தொகையில் இரண்டு மேசைகள் நிறையும். மின்கழிவு மேலாண்மைக்கென 2022-ஆம் ஆண்டு விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருந்தும், குப்பையைக் குறைக்கும் எளிய வழி தூக்கிப் போடாமல் இருப்பதுதான். பழுதுநீக்க எளிமைக்கு மதிப்பெண் தரும் குறியீடு ஒன்றை மத்திய நுகர்வோர் விவகாரத் துறையின் குழு 2025-இல் பரிந்துரைத்தது. முன்னுரிமை கைபேசிக்கும் டேப்லெட்டுக்கும். பாகம் பாகமாக மாற்றக்கூடிய மேசைக் கணினிக்கு அந்தக் குறியீடு வரும்வரை, வாங்குபவர் தம் கண்ணைத்தான் நம்ப வேண்டும்.

ஆகவே வாசகர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். கடைக்குப் போகும் முன் கேபினெட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் என்னென்ன போர்டுகள் இருக்கின்றன என்று கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியைத் திறக்கத் தெரிந்தவர் மதர்போர்டின் பெயரையும் எஸ்எம்பிஎஸ்ஸின் ஸ்டிக்கரையும் சேர்த்துப் படம் எடுங்கள். என்ன மென்பொருளில் வேலை செய்கிறீர்கள் என்பதை விலையைப் பேசும் முன் சொல்லுங்கள். டிஸ்ப்ளே போர்ட் இருந்தால் வயரை மட்டும் கேளுங்கள். கார்டு தேவை என்றால், எத்தனை ஜிபி என்பதைப் பிறகு கேட்கலாம். எந்த போர்டில், எந்தத் தெளிவில், எத்தனை ஹெர்ட்ஸ் என்பதை முதலில் கேளுங்கள். அந்த விடையைக் கடைக்காரர் வாய்மொழியாகச் சொன்னால் போதாது. ‘இந்தக் கார்டு, எச்டிஎம்ஐ வழியே 3840×2160, 60 ஹெர்ட்ஸ்’ என்று பில்லில் ஒரு வரி எழுதி வாங்குங்கள். சொன்னது போல வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் பேச அந்த ஒரு வரி உதவும். எழுதித்தர மறுக்கும் கடையில் கார்டு வாங்காதீர்கள்.